காலம் கடந்த உண்மை

என் நண்பர் ஒருவருக்குப் பழைய வால்வுகளைக் கொண்டு ஆம்ப்ளிஃபயர் கட்டுவதில் பைத்தியம். ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்விட்சைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடி அதிரும்படி ஓர் ஊளை எழுந்தது. "ஒன்றுமில்லை ஸார், டிரான்ஸ்பார்மரில் இரண்டு ஒயர் இடம் மாறிவிட்டது" என்று சொல்லி மாற்றிப் பூட்டினார். பெட்டி கப்சிப்பென்று அடங்கிவிட்டது. அந்த இரண்டு ஒயர்கள் ஒரு வாரமாய் என்னைத் தூங்க விடவில்லை.

வால்வு ஒலியைப் பெரிதாக்குகிறதே தவிர, கூடவே தன் கோணலையும் சேர்த்து அனுப்பிவிடும். தொலைதூர டெலிபோன் வழியில் இத்தகைய கருவிகள் வரிசையாக நின்றால் கோணல் மேல் கோணல் ஏறும். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்த ஹரால்ட் பிளாக் இதற்காக வருஷக்கணக்கில் தவித்தார். 1927-ஆம் வருஷம் ஆகஸ்டு 2-ந் தேதி காலை, ஹட்சன் நதியைப் படகில் கடந்து வேலைக்குப் போகையில் வழி புலப்பட்டது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே குறித்துக்கொண்டார். வெளியே போவதில் ஒரு சிறு பங்கைத் திருப்பி உள்ளே கொண்டுவந்து கழித்துவிட வேண்டும். பெருக்கம் குறையும், கோணலும் குறையும். 1947-இல் வில்லியம்சன் என்ற பிரிட்டிஷ்காரர் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயரில் இப்படிக் கழித்தபின் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு பெருக்கந்தான்.

மனச்சாட்சியின் கதை போலவே இருக்கிறதல்லவா? நானும் அப்படித்தான் மகிழ்ந்தேன். ஆனால் நண்பர் இன்னொன்றும் சொன்னார். திரும்பி வருவது நேரத்தோடு வர வேண்டுமாம். ஸ்வரம் உயர உயர அது டிரான்ஸ்பார்மரில் பின்தங்கும். அலையின் பாதியளவு பின்தங்கிவிட்டால், கழிக்க வந்தது கூட்டத் தொடங்கிவிடும். ஒயர் மாறினால் நேர்ந்த அதே கதிதான். சில வேளை காதுக்கு எட்டாத உச்சத்தில் இது நடக்கும். நமக்கு ஒன்றும் கேட்காது. வால்வின் தகடு மட்டும் சிவந்து வேகும்.

என் அண்ணா பூர்வீக வீட்டை அடிமாட்டு விலைக்கு விற்றபோது நான் வாய் திறக்கவில்லை. ஒன்பது வருஷம் கழித்து, அவர் பெண்ணின் கல்யாணப் பந்தலில், நாலு பேர் நடுவே சொன்னேன். சொன்னது அத்தனையும் நிஜம். அன்றிலிருந்து அவர் என் வாசற்படி மிதிக்கவில்லை. 'உண்மையைத்தானே சொன்னேன்' என்று எத்தனையோ இரவுகள் எனக்கு நானே வக்கீலாக இருந்திருக்கிறேன். விற்ற அன்று சொல்லியிருந்தால் வீடு தப்பியிருக்கலாம். பந்தலில் சொன்னதால் எது தப்பிற்று?

அப்படியானால் காலம் கடந்த உண்மையைச் சொல்லவே கூடாதா? அப்படியும் எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒன்பது வருஷம் என் தகடு சிவந்துகொண்டிருந்ததை நான் அறிவேன். வில்லியம்சன் திருப்பிக் கழிப்பதைக் கைவிடவில்லை. தாமதம் குறையும்படி டிரான்ஸ்பார்மரில் கவனம் செலுத்தினார். எங்கே தாமதம் மிஞ்சுமோ அந்த உயரத்தை எட்டுமுன்பே, ஒரு சின்னக் கெப்பாசிட்டரால் பெருக்கத்தைத் தணித்துவிடுகிறார் என் நண்பர்.

போன மாதம் அண்ணாவுக்குக் கடிதம் எழுதினேன். வீட்டைப் பற்றி ஒரே ஒரு வரி. பந்தலைப் பற்றி இரண்டு. பதில் இன்னும் வரவில்லை.