சின்னத்தம்பிக்கு எதிராக ஒரு கையெழுத்து

2018 டிசம்பரில் எங்கள் குடியிருப்பு வாட்சப் குழுவில் ஒரு மனு வந்தது. தடாகம் பக்கம் சுற்றும் யானைகளைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும் என்று வனத்துறைக்கு ஒரு கடிதம். கீழே பெயரும் வீட்டு எண்ணும் போட்டால் போதும். ஆபீஸ் காலில் இருந்தேன். மைக்கை மியூட் செய்துவிட்டு இருபது வினாடியில் பெயரைச் சேர்த்தேன். படிக்காமல் போட்டுவிட்டேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். படித்துவிட்டுத்தான் போட்டேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. முந்தின வாரம்தான் பக்கத்து வாழைத்தோட்டத்தில் யானை இறங்கியிருந்தது.

அந்த மாதமே விநாயகன் என்ற யானையைப் பிடித்து முதுமலைக்குக் கொண்டுபோனார்கள். ஜனவரி 25ஆம் தேதி சின்னத்தம்பி. லாரியில் ஏற்றும்போது தந்தம் சேதமானதை டிவியில் பார்த்தோம். டாப்சிலிப் பக்கம் கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அவன் காட்டைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கினான். வீடுகளையும் ரோடுகளையும் தாண்டி, உடுமலைப் பக்கம் அமராவதி சர்க்கரை ஆலையை ஒட்டிய கரும்புக் காட்டில் போய் நின்றான். பிப்ரவரி 15இல் மறுபடி பிடித்தார்கள். இந்த முறை காட்டுக்கு அனுப்பவில்லை. வரகளியாறு முகாமில் மரக்கூண்டுக்குள் அடைத்துக் கும்கியாக்கினார்கள்.

என் கையெழுத்தால்தான் இது நடந்தது என்று சொல்லவில்லை. அவ்வளவு செல்வாக்கு எனக்கு இல்லை. ஆனால் ‘அப்புறப்படுத்து’ என்ற அந்தச் சொல்லை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என் வேலையில் ஒரு டேட்டாபேஸை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் அதற்கு ஒன்றும் ஆகாது. இடம் என்பது வெறும் முகவரி. காட்டையும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன் போல. இங்கே பச்சை, அங்கேயும் பச்சை. யானைக்கு அப்படி இல்லை. ஆண் யானை பத்துப் பதினைந்து வயதில் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து, எந்த மாதம் எங்கே தண்ணீர், எந்த வழியில் ஆள் நடமாட்டம் என்று வருடக்கணக்காகக் கற்கிறது. ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டிய உடம்புக்கு அந்த ஞாபகம்தான் சோறு. இலங்கையில் இப்படி இடம் மாற்றிய 12 ஆண் யானைகளுக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டிக் கவனித்தார்கள். ஆய்வு 2012இல் வெளியானது. சில வீடு திரும்பின, சில திக்குத் தெரியாமல் அலைந்தன, சில புது இடத்தில் தங்கின. மனித - யானை மோதல் குறையவில்லை. புது ஊர்களுக்குப் பரவியதுதான் மிச்சம்.

அரிக்கொம்பன் கதையும் இதுதான். 2023 ஏப்ரல் 29இல் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் கம்பம் டவுனுக்குள் வந்தது. அங்கே ஒருவர் இறந்தார். பிறகு களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த மனிதரின் சாவு யார் கணக்கில் சேரும்? யானையைப் போகச் சொன்னவர்களும் நிலமற்ற ஏழைகள்தான். சின்னக்கானலில் யானை நடமாடும் இடத்தில் அரசே அவர்களைக் குடியமர்த்தியது. அவர்கள் பயத்தையும் என் பயத்தையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. மலை தெரியும் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியவன் நான். அந்த மலையிலிருந்து வருவதுதான் வேண்டாமாம்.

இதை ஒருநாள் எங்கள் வாட்ச்மேன் பெரியவரிடம் கொஞ்சம் உருக்கமாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “நீங்க கேட்டுக்குள்ள இருக்கீங்க தம்பி. நான் விடிகாலை நாலு மணிக்கு அந்தத் தடத்துலதான நடந்து வாறனுங்க. யானைய நாங்களும் சாமின்னுதான் கும்புடறோம். அதுக்காக எங்க மாமன அது மிதிச்சது இல்லைன்னு ஆயிருமா?” பிடித்துப்போனது சரியா என்று கேட்டேன். “பாவமுங்க. ஆனா அது எங்க நிக்குதுன்னு யாராச்சும் சொன்னாப் போதுமுங்க, நான் சுத்திப் போயிக்குவேன்” என்றார்.

அவர் சொன்னதை வால்பாறையில் செய்துகாட்டியிருக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் காடு, அதில் யானை. அங்கே இறந்தவர்களில் பலருக்கு யானை பக்கத்தில் நிற்பதே தெரிந்திருக்கவில்லை. அதனால் யானை எங்கே நிற்கிறதென்று எஸ்எம்எஸ், உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரி, தூரத்திலிருந்தே தெரியும் சிவப்பு விளக்கு. என் துறைக்காரன் கூச்சப்படுகிற அளவுக்கு எளிமையான தொழில்நுட்பம். இறப்புகள் குறைந்தன. சாவே இல்லாமல் போகவில்லை. யானை யானையாகத்தானே இருக்கும்.

நான் எங்கள் குழுவில் ஒரு யோசனை வைத்தேன். அந்தத் தடத்தில் நாலு விளக்கு, வாட்ச்மேன்களுக்கும் வேலைக்கு வரும் அக்காக்களுக்கும் யானை வந்தால் ஒரு போன் கால். மாத மெயின்டனன்ஸில் கொஞ்சம் கூடும். மனுவுக்கு அரை மணி நேரத்தில் நாற்பது பெயர் சேர்ந்த அதே குழு. இதற்கு மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர், “அது பஞ்சாயத்து வேலை இல்லையா?” என்றார். பேச்சு தண்ணீர் லாரிக்குப் போய்விட்டது. நானும் மறுபடி கேட்கவில்லை.

2023 பிப்ரவரியில் தர்மபுரிப் பக்கம் ஒரு மக்னாவைப் பிடித்தார்கள். பிடிக்க உதவிய கும்கி சின்னத்தம்பி. அந்த மக்னாவையும் டாப்சிலிப் பக்கம்தான் விட்டார்கள். அந்த மாதமே அது கீழே இறங்கிக் கோவை நகருக்குள் நடந்து வந்தது. குழுவில் வீடியோவாக வந்து குவிந்தது. மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்து பால்கனிக்குப் போனேன். தடத்தில் பெரியவரின் டார்ச் வெளிச்சம் நின்று நின்று வந்துகொண்டிருந்தது.