கர்ண மோட்சத்தில் தூங்கியவன்

எங்கள் பாலக்கோட்டுப் பக்கம் பாரதக் கூத்து வைத்தால் விடிய விடிய நடக்கும். சின்ன வயசில் சாக்கை விரித்து முன்னாலேயே இடம் பிடித்துவிடுவேன். ஆனாலும் கர்ண மோட்சத்தை ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை. இரண்டு மணிக்கு மேல் கண் சொருகிவிடும். கர்ண வேஷம் கட்டுவது என் பெரியப்பா. பெரியம்மா தட்டி எழுப்புவார். "எந்திரி கண்ணு, உங்க பெரியப்பா சாவப் போறாரு." எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன்.

இப்போது பெங்களூரில் கோடு எழுதிப் பிழைக்கிறேன். ஒரு ராத்திரி ஒரு வீடியோத் துண்டு கண்ணில் பட்டது. பாரிஸின் தெயாத்ர் து சொலெய் குழு 2016-இல் மேடையேற்றிய 'இந்தியாவில் ஓர் அறை'. இயக்கம் அரியான் மனுஷ்கின். நாடகத்துக்குள் தெருக்கூத்து வருகிறது. கற்றுக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தன். பல தேசத்து நடிகர்கள் வேஷம் கட்டி, தமிழிலேயே பாடி ஆடுகிறார்கள். மறுவருஷம் அது நியூயார்க்குக்கும் போனது.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. உச்சரிப்பு அப்படி. பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். கொரியாவைச் சேர்ந்த சூமி ஜோ ரோமில் படித்து, 1986-இல் திரியெஸ்தே நகரில் வெர்தியின் 'ரிகொலெத்தோ'வில் கில்டாவாகப் பாடி ஆப்பராவுக்குள் வந்தார். கொரியப் பெண்ணுக்கு இத்தாலியப் பாட்டு எதற்கு என்று இன்று யாராவது கேட்டால் கேட்டவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

எல்லை தாண்டுவது நமக்கும் புதுசில்லைதான். 1920களில் நம் இசை நாடகக்காரர்கள் கடல் தாண்டி இலங்கைக்குப் போனார்கள். கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் ஜோடி சேர்ந்தது கொழும்பில். ஆனால் அங்கே எதிரே உட்கார்ந்திருந்ததும் தமிழ்க் கூட்டம். பாரிஸில் நடந்தது வேறு. அங்கே ஆட்டம் தன் ஜனங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போயிருக்கிறது.

அப்படிப் போனதை நண்பன் ஒருவன் 'திருட்டு' என்றான். எனக்கு ஒப்பவில்லை. ஆசிரியர் மனமறிந்து கொடுத்திருக்கிறார், அவர்கள் உடம்பு நோகக் கற்றிருக்கிறார்கள். ஒரு கலை யாருடையது என்றால், அதற்காக உடம்பைக் கொடுத்தவருடையது என்றுதான் சொல்வேன். இதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஊர்ப் பெயரும் உறவும் மட்டும்தான். வேலை விஷயமாக நான் ஜெர்மனி போனபோது விசா, டிக்கெட் எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொண்டது. என் வேலை எந்த ஊருக்கும் சொந்தமில்லாதது, அதனால் எங்கேயும் போகும். பெரியப்பா பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை.

பாரிஸ்காரர்கள் முழித்திருந்து பார்ப்பது ஒரு காட்சியை. எங்கள் ஜனம் ராத்திரி பூரா அதற்குள் தூங்கி எழுகிறது, அந்தத் தூக்கமும் உரிமைதானே என்று ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நான் தூங்கினேன், அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வீடியோவைப் பெரியப்பாவிடம் காட்டினேன். அவரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சத்தத்தைக் கூட்டச் சொல்லி, ஒருத்தர் சுழன்று கிறிக்கி போடும் இடத்தை மூன்று தடவை ஓட்டச் சொன்னார்.

"கால் சுத்தமா விழுது. நல்லாக் கத்துக் குடுத்திருக்காங்க" என்றார். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "நீ ஒரு சுத்து சுத்திக் காட்டு பாக்கலாம்" என்றார்.

வாசலில் இடம் போதாது என்றேன். அவர் எழுந்து கட்டிலை நகர்த்த ஆரம்பித்தார்.