நல்ல விலையும் நன்றிக்கடனும்

வாங்குபவருக்கு நன்மை தரும் வணிகம் அதே ஊரில் இன்னொருவரின் பிழைப்பைக் கெடுத்தால், அதை அறம் என்பதா? அஞ்சல்வழி வணிகத்தின் முன்னோடி ஆரன் மான்ட்கோமரி வார்டின் வாழ்க்கை இந்தக் கேள்வியை நேராக எழுப்புகிறது.

அன்றைய அமெரிக்க உழவருக்கு இரண்டு பக்கமும் இழப்பு. விளைந்ததை விற்கும்போது விலை கிடைக்காது. துணியோ விளக்கோ வாங்கப் போனால் ஊரில் பெரும்பாலும் ஒரே கடைதான். பல கை மாறி வந்த சரக்கின் விலையில் ஒவ்வொரு கைக்கும் ஒரு லாபம் ஏறியிருக்கும். ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்ற வார்டு இதைக் கண்ணால் பார்த்தவர். இடையிலுள்ள கைகளை நீக்கினால் விலை இறங்கும் என்று கணக்கிட்டார். அவர் வாங்கி வைத்த சரக்கை 1871-இல் சிக்காகோவை எரித்த பெருந்தீ அழித்தது. மனம் தளராமல் மறு ஆண்டே 163 பொருள்களைக் கொண்ட ஒற்றைத் தாள் விலைப்பட்டியலை அனுப்பினார். கிரேஞ்ச் என்ற உழவர் இயக்கத்தினர் அவருடைய முதல் வாடிக்கையாளர்கள்.

விலை மிகக் குறைவு. விற்பவர் முகமும் தெரியாது. 1873-இல் சிக்காகோ ட்ரிப்யூன் நாளிதழ் இதை மோசடி என்றே எழுதி, பின்னர் திருத்திக்கொண்டது. அந்த ஐயத்துக்கு வார்டு தந்த விடையே அவருடைய பெரும் கொடை. பொருள் பிடிக்காவிட்டால் பணம் திரும்பத் தரப்படும் என்று 1875-இல் அறிவித்தார். ஏமாறாமல் பார்த்துக்கொள்வது வாங்குபவர் பொறுப்பு என்றிருந்த காலம் அது. அந்தப் பொறுப்பை விற்பவர் தோளுக்கு மாற்றியது விற்பனை உத்தியாக இருக்கலாம். ஆனாலும் அது அறச்செயல்தான். தொலைவிலிருக்கும் எளியவரை ஏமாற்ற முடிந்த இடத்திலும் ஏமாற்ற மாட்டேன் என்ற உறுதி அதில் இருக்கிறது.

எதிர்த்தரப்பான உள்ளூர்க் கடைக்காரர்களுக்கும் நியாயம் உண்டு. சிற்றூர்களில் அஞ்சல்வழி விலைப்பட்டியல்களைக் குவித்துத் தீயிட்டார்கள். அதை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. 1874-இல் கான்சஸ், நெப்ராஸ்கா வயல்களை வெட்டுக்கிளிகள் தின்று தீர்த்தன. அப்படிப்பட்ட ஆண்டுகளில் உழவர் கடன் சொல்லி மாவும் காலணியும் வாங்க முடிந்தது உள்ளூர்க் கடையில்தான். வார்டிடம் ரொக்கம் வேண்டும். ஊர்ப் பள்ளிக்கும் சாலைக்கும் வரி கட்டியவரும் அந்தக் கடைக்காரரே. பஞ்சத்தில் கடனுக்கு ஒரு கடை, விளைந்த ஆண்டில் ரொக்கத்துக்கு வேறு கடை என்றால் அவர் மனம் நோகாதா?

ஆனால் அந்தக் கடன் முழுக்க இரக்கமும் அல்ல. அதன் வட்டி பல நேரம் விலைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. கணக்குப் புத்தகத்தில் பெயர் ஏறிய உழவர் வேறிடம் போகவும் முடியாது. வேறு வழி இல்லாததால் வரும் வாடிக்கையாளரை யாரும் உரிமையாகக் கோர இயலாது. ஆகவே, வார்டு திறந்த வழி நியாயமானதே. மலிவாக, நேர்மையாக விற்றது குற்றமாகாது.

அதனால் ஊருக்குரிய கடமை தீர்ந்துவிடுமா? வார்டுக்குப் பொதுநலம் தெரியாமல் இல்லை. சிக்காகோ ஏரிக்கரை கட்டடங்களின்றி மக்களுக்காகத் திறந்தே இருக்க வேண்டுமென்று 1890-இல் வழக்குத் தொடுத்தார். இருபது ஆண்டுகள் சொந்தப் பணத்தில் போராடினார். வளர்ச்சிக்குத் தடை என்ற ஏச்சு வந்தது. அவருடைய நிறுவனக் கட்டடமே அந்த வெளியைப் பார்த்து நின்றதால் தன்னலம் என்றும் சொல்லலாம். ஆயினும் இன்றைய கிராண்ட் பூங்கா திறந்த வெளியாக எஞ்சியதில் அந்த வழக்குகளின் பங்கு பெரிது. அதே வேளையில், பூங்கா இருப்பது சிக்காகோவில். அவருக்குச் செல்வம் தந்த பணமோ தொலைதூரச் சிற்றூர்களிலிருந்து வந்தது. பணம் கிளம்பிய ஊருக்கு விற்பவர் என்ன கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்விக்குப் பூங்கா விடையாகாது.

1913-இல் வார்டு மறைந்தார். அதே ஆண்டு தொடங்கிய அமெரிக்க அரசின் பார்சல் அஞ்சல், அவர் வகுத்த வழியை இன்னும் அகலமாக்கியது. இன்றும் தொலைவிலிருந்து விற்பவர் முதலில் கற்க வேண்டியது அவருடைய வாக்குறுதியை. வாங்குபவர் கற்க வேண்டியதோ வேறு. குறைந்த விலையைத் தேடுவது அவருடைய உரிமை. ஆனால் வெட்டுக்கிளி வந்த ஆண்டில் மாவு அளந்து கொடுத்தவரின் பாக்கியைத் தீர்த்துவிட்டே அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும்.