காவலனிடத்தில் குற்றம் உண்டோ?

சென்னைப் புளியந்தோப்பில், புகையிலையைத் தொட்டே அறியாத ஒரு மாதுக்கு நுரையீரலிற் புற்று என்று வைத்தியர் உரைத்துவிட்டால், காசநோய் என்றெண்ணி மாத்திரையில் கழிந்த மாதங்களைச் சொல்லி வருந்தும் சுற்றத்தார், வேறு காரணம் அகப்படாமையால், ‘எந்த ஜன்மத்து வினையோ’ என்று பெருமூச்செறிந்து அமைவதுண்டு. அப்படிச் சொல்பவர் கொடியவர் அல்லர். ஆயினும் நோயோடு நோயின் பழியையும் நோயாளியின் தலையிலேயே ஏற்றுகிறோம் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

அந்தப் பழி யாருடையது? நுரையீரலின் காற்றறைகளில், நாம் பிறந்த நாட்களிலேயே வந்து குடியேறி, உள்ளே புகும் தூசியையும் கிருமியையும் விழுங்கியபடி வாழும் உயிரணுக்கள் உண்டு. 1882-இல் மெஸ்ஸினாவில் நட்சத்திர மீனின் இளவுயிரிக்குள் முள்ளைச் செருகி, இத்தகைய விழுங்கணுக்கள் அதைச் சூழ்ந்துகொள்வதைக் கண்ட உயிரியலாளர் மெச்னிகோவ், இவை சரீரத்தின் காவலர் என்று நிச்சயித்தார். 1908-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் நியூயார்க்கில் மிரியம் மெராட் குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, புற்றுக்கட்டி முளைவிடும் தருணத்தில் இக்காவலரே அதன் அருகிற் குழுமி, பரவுதற்குரிய சுபாவத்தை அதற்கு ஊட்டி, அதனை அழிக்கவல்ல அணுக்களை அடக்கிவைக்கும் வேறோர் இனத்தையும் பெருக்குகின்றனர் என்று காட்டியது.

இதைத் துரோகம் எனலாமா? கும்பகர்ணன் தமையனது பிழையை அறிந்தும் அவன் பக்கம் நின்றான். அவனைக் குறித்து நாம் விவாதிக்கலாம். விழுங்கணுவுக்கோ அறிவும் இல்லை, தேர்வும் இல்லை. காயம்பட்ட இடத்தில் வளர்ச்சியைத் தூண்டுவதும் போரைத் தணிப்பதும் அதன் சுவதர்மம். கட்டியைப் புண் என்று கொண்டு அதே பணியைச் செய்கிறது. காவல் கெட்டதற்குக் காவலனிடத்தில் குற்றம் இல்லை.

கன்மக் கொள்கையை நான் இகழவில்லை. அதனை முழுமையாக ஏற்க வேண்டுமென்றே கேட்கிறேன். முன்பு சேர்ந்து கிடக்கும் வினையாகிய சஞ்சிதம், அதில் இப்பிறவியில் அனுபவிக்கும் பங்காகிய பிராரப்தம் என்பவற்றோடு, இப்போது செய்து சேர்க்கும் ஆகாமியம் என்ற மூன்றாவதும் சைவ நூல்களில் உண்டு. பிரசங்கிகள் அதனை விரைந்து கடந்துவிடுகிறார்கள். புகைபிடியாதவரின் நலமான நுரையீரலிலும் வயது ஏறஏறச் சில அணுக்களில் மரபுப் பிழைகள் நேர்ந்து உறங்கிக் கிடக்கின்றன. லண்டனில் சார்ல்ஸ் ஸ்வாண்டன் குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, காற்றில் மிதக்கும் நுண்தூசியை ஏற்ற விழுங்கணுக்கள் எழுப்பும் அழற்சி அவ்வுறக்கத்தைக் கலைக்கிறது. உறங்கும் பிழையைச் சஞ்சிதம் என்றே வைத்துக்கொண்டாலும், அதை எழுப்பும் தூசி, லாரிப் புகையாகவும் அனல்மின் நிலையத்துக் கரியாகவும் நாம் இன்று சேர்க்கும் ஆகாமியமேயன்றி வேறில்லை. செய்தவர் ஒருவர், அனுபவிப்பவர் மற்றொருவர் என்பது சாஸ்திரத்துக்கும் ஒவ்வாத கணக்கு.

இத்தகைய கரித்தூசியைப் பற்றிய இராயபுரத்தாரின் நெடுநாள் முறையீட்டுக்குப் பிறகு, சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவதை உயர்நீதிமன்றம் 2011-இல் நிறுத்தியது. கரி வருவது நின்றுவிடவில்லை. எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று.