ஐவர் சொல் அறிவாகுமா?

சீடன்: ஐயா, கெலாங் பாத்தாவில் புதிதாய்த் தொடங்கிய நிறுவனத்தில் பயனர் ஆய்வாளன் நான் ஒருவன்தான். இரண்டாவது இணைப்புப் பாலம் வழியே துவாஸுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான செயலி செய்கிறோம். ஐந்து பேரைக் கவனித்து, இன்னின்ன குறை என்றேன். ஆயிரக்கணக்கானோர் விஷயத்தை ஐந்து பேரை வைத்து முடிவு செய்யலாமா என்கிறார்கள் நிறுவனத்தார். எனக்கும் அதே ஐயம்.

குரு: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, தம்பி. 1993இல் பயன்பாட்டு ஆய்வாளர்களான நீல்சனும் லேண்டவரும் இதைக் கணக்கிட்டார்கள். ஒருவரைக் கவனித்தால் சராசரியாக 31 விழுக்காடு குறைகள் தெரியும்; ஐவரில் ஏறத்தாழ 85 விழுக்காடு தெரிந்துவிடும். ஆறாமவர் பெரும்பாலும் பார்த்ததையே திரும்பக் காட்டுவார். பதினைந்து பேரை ஒரே மூச்சில் பார்ப்பதைவிட, ஐவரைப் பார்த்து, திருத்தி, மறுபடி ஐவரைப் பார்ப்பது நல்லது.





சீடன்: ஆனால் அந்த ஐவரும் ஒரே வகையினராக இருந்துவிட்டால்?

குரு: கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஒரே அடுப்பில், ஒரே நீரில் வெந்ததால்தான் ஒரு பருக்கை பானைக்கே சாட்சியாகிறது. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சுல்தான் அபு பக்கார் குடிநுழைவு வளாகத்தைத் தாண்டுகிறவர் ஒரு பானை. தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்துக்குக் கொள்கலன் லாரி ஓட்டுபவர் வேறொரு பானை. பெண்டாஸ் மீனவர் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் தனித்தனியே பதம் பார்க்க வேண்டும்.

பதம் பார்ப்பதும் வாயால் கேட்பதல்ல. கேட்டால் பயனர் மரியாதைக்கு "நல்லா இருக்கு" என்பார். பக்கத்தில் நின்று பார்: மழைக்கோட்டுப் பையிலிருந்து கைப்பேசியை எடுக்கிறார், கையுறையைப் பல்லால் கழற்றுகிறார், நனைந்த திரையில் பெருவிரல் பக்கத்துப் பொத்தானில் படுகிறது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அலுவலகத்து மேசையில் இந்தக் குறை கண்ணில் படாது. 2012இல் மைடெக்சி என்ற பெயரில் கிராப் தொடங்கியபோது, டாக்சி ஓட்டுநர் பலருக்குத் திறன்பேசியே புதிது. ஓட்டுநரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொடுக்காமல் அந்தச் சேவை ஓடியிருக்காது.

எல்லையும் உண்டு. சோறு வெந்ததா என்பதைப் பருக்கை சொல்லும். எத்தனை பேருக்குக் காணும் என்பதைச் சொல்லாது. ஐவரில் மூவர் தடுமாறினால், பயனர்களில் 60 விழுக்காட்டினர் தடுமாறுகிறார்கள் என்று எழுதாதே. அதற்குக் கணக்கெடுப்பு வேண்டும். செயலியின் பதிவேடு வேண்டும். எங்கே தடுமாறுகிறார், ஏன் தடுமாறுகிறார் என்று மட்டும் எழுது. எத்தனை பேர் என்று அளக்கும் முன், எதை அளப்பது என்று தெரிய வேண்டும். கையில் காசு குறைந்த நிறுவனத்துக்கு முதலில் தேவைப்படுவது அந்த அறிவுதான். ஐவரை நேரில் கண்டவன் சொல்லும் காரணம், எவரையும் காணாதவர் போடும் மதிப்பீட்டைவிட உறுதியானது.