நண்பனிடம் குற்றம் கண்டால்

உடன்பிறந்தாரைப் பிறப்பே தருகிறது. மனையாளைப் பெற்றோரும் சுற்றத்தாரும் கூடித் தேடித் தருகின்றனர். நண்பனையோ மனிதன் தானே தேர்ந்துகொள்கிறான். ஆதலின் அந்நண்பனிடம் குற்றம் காணுங்கால் எழும் வேதனையும் பெரிதாகிறது. காணாதார்போல் இருந்துவிடுவதா, உறவை அறுத்துவிடுவதா என்று உள்ளம் தடுமாறுகிறது.

திருவள்ளுவர் 79ஆம் அதிகாரத்தில் நட்பின் இயல்பைக் கூறி, 80ஆம் அதிகாரத்தில் நட்பாராய்தலையும், 81ஆம் அதிகாரத்தில் பழைமையையும் வைத்தார். ஆராய்வது முன்னர், பொறுப்பது பின்னர். இவ்வரிசையே ஓர் உபதேசமாம். உலகத்தாரோ ஆராயாமல் நட்புக்கொண்டு, கொண்டபின் ஆராயத் தலைப்படுகின்றனர்.

எனினும் பொறுத்தலாவது குற்றத்துக்கு உடன்படுதலன்று. அங்க நாடளித்த துரியோதனனுக்காகக் கர்ணன் உயிரையும் ஈந்தான். தன் பிறப்பின் உண்மையைக் கண்ணபிரான் உரைத்த பின்னரும் அவனைப் பிரிந்தானில்லை. அவ்வுறுதி போற்றத்தக்கதே. ஆயினும் திரௌபதி சபையில் இழிவுற்ற அன்று, தடுத்திருக்க வேண்டிய அவன் நாவே தூண்டுகோலாயிற்று. உயிரைக் கொடுத்தவன் நண்பனுக்கு ஒரு நல்வார்த்தையைக் கொடுத்தானில்லை!

சக்கரவர்த்தித் திருமகன் காட்டிய நெறி வேறு. கிஷ்கிந்தையில் முடிசூடிய சுக்ரீவ மஹாராஜர், மழைக்காலம் கழிந்த பின்னரும், பிராட்டியைத் தேடுவதாகத் தந்த வாக்கை மறந்து போகத்தில் ஆழ்ந்திருந்தார். பெருமாள் சினந்தார், கடுஞ்சொல்லும் சொல்லியனுப்ப முற்பட்டார். ஆயினும் இளையபெருமாள் கொதித்தெழக் கண்டதும், பழைய நட்பை நினைந்து இன்சொல்லால் உணர்த்துமாறு பணித்தார். பிழையுணர்ந்து திருவடியில் வீழ்ந்த சுக்ரீவரை எடுத்துத் தழுவிக்கொண்டார்.

பின்னர் விபீஷணாழ்வான் அடைக்கலம் புக வந்தபோது, ஏற்கலாகாதென்று தடுத்தவர் அந்தச் சுக்ரீவரே. நண்பனாக வந்தவனிடம் குற்றமே இருப்பினும் கைவிடுவதில்லை என்பது பெருமாளின் விடை. குற்றம் செய்தும் கைவிடப்படாத ஒருவர் அருகில் நின்றே அவ்விடையைக் கேட்டார்!

இடித்துரைத்தலும் விடாதிருத்தலும் நட்பின் இரு கைகள். இடித்துரையாமல் அணைப்பவன் நண்பனை அழிவுக்கு வழிவிடுகிறான். அணையாமல் இடித்துரைப்பவன் அவனைப் பகைவனாக்குகிறான். ஆண்டுதோறும் ஒன்றாக வந்து சேவித்த தோழர்கள், ஒரு சொல்லால் மனம் வேறுபட்டுத் தனித்தனியே திருவிழாவுக்கு வருவதுண்டு. பிழையை எடுத்துச் சொல்லவும், பிழைத்தவனைத் தழுவிக்கொள்ளவும் இருவருள் ஒருவர் முன்வருவாராயின், அடுத்த திருநாளில் இருவரும் ஒருங்கே நின்று தேர்வடம் பிடிப்பர்.