எண்ணும் பொறுப்பும்

உண்ண உணவில்லாதோர் வாழும் உலகில், எவருக்கும் பயன்படாத எண்ணொன்றை ஆராய்வதில் ஒருவன் தன் காலத்தைச் செலவிடுவது நியாயமாகுமா? முற்போக்காளர் பலர் எழுப்பும் இவ்வினாவை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அறிவு யாருக்காக என்று கேட்பது நமது உரிமை, கடமையுங்கூட. ஆனால் அதனை எப்போது, யாரை நோக்கிக் கேட்பது என்பதிலேதான் சிக்கல் இருக்கிறது.

எடுத்துக்காட்டொன்றைக் காண்போம். 127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் 39 இலக்கங்கள் கொண்ட எண்ணொன்று கிடைக்கும். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத முதன்மை எண் இது என்பதைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்காஸ் 1876இல் நிறுவினார். ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துப் பார்ப்பதாயின் இருபது இலக்க எண்கள்வரை செல்லவேண்டும். மனித ஆயுள் போதாது. ஆகவே அவர் வேறு வழி கண்டார். சிறிய எண்ணொன்றை வர்க்கித்து, இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுக்கவேண்டும். அம்மீதியையும் அவ்வாறே செய்யவேண்டும். குறித்த தடவைகளின் பின் மீதி பூச்சியமாயின் அவ்வெண் முதன்மையானது. 1951 வரை இதனிலும் பெரிய முதன்மை எண் எதனையும் உலகம் அறிந்திருக்கவில்லை.

இதனால் அன்று எவருக்கும் ஒரு பிடி சோறு கூடுதலாகக் கிடைக்கவில்லை. அந்தப் பயனின்மையிலேயே ஆறுதல் கண்டார் ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டி. 1940இல், யுத்தத்தின் நடுவே வெளிவந்த தமது நூலில், எண் கோட்பாட்டைப் போருக்குப் பயன்படுத்தும் வழியை எவரும் காணவில்லை என்று அவர் எழுதினார்.

வரலாறு அவ்வாறுதலைப் பொய்ப்பித்தது. இரு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கத்திலிருந்து அவ்விரண்டையும் பிரித்தறிவது மிக அரிது. இவ்வியல்பைக் கொண்டு இரகசியச் செய்தி அனுப்பும் முறையொன்றைப் பிரித்தானிய அரசின் உளவு நிறுவனத்தில் பணிபுரிந்த கிளிபர்ட் கொக்ஸ் 1973இல் கண்டார். அது 1997 வரை மறைத்து வைக்கப்பட்டது. இதற்கிடையில், 1977இல், அமெரிக்காவில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் அதே முறையைத் தாமாகவே கண்டு உலகறியச் செய்தனர். பின்னர் வங்கியின் கணக்கையும் தனிமனிதனின் கடிதத்தையும் ஒருங்கே காக்கும் பூட்டாக அது பயன்பட்டது.

பயனை முன்கூட்டியே கேட்டிருந்தால் லூக்காஸின் கை ஓய்ந்திருக்கும். பயனில்லாமையே தூய்மை என்ற ஹார்டியின் நம்பிக்கையும் நிலைக்கவில்லை. முதன்மை எண்ணுக்குக் கட்சி இல்லை. அதனைப் பூட்டி வைக்கும் கைக்குக் கட்சி உண்டு. ஆதலின், 'இதனால் என்ன பயன்?' என்று ஆராய்ச்சியாளனின் வாயை அடைப்பதன்று நமது பணி. கண்டதை மறைப்பவர் யார், மறைப்பதால் வாழ்பவர் யார் என்று கேட்பதே நமது பணி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த எண்ணின் வியப்பு, வகுப்பறையின் கடைசி வாங்கில் பசியோடு இருக்கும் மாணவனுக்கும் உரியது. சோற்றுக்காகப் போராடுபவனுக்குச் சோறு மட்டுமே போதும் என்று எண்ணுவதும் அவனை அவமதிப்பதேயாகும்.